ஒன்பதாம் கலம்

ஆற்றுநீர் எடுக்க அனுமதி கோரும் படிவத்தில்
ஒன்பதாம் கலம் கேட்கிறது: என்ன நோக்கத்துக்கு?
பாசனம். குடிநீர். ஆலை. மின்சாரம்.
ஏதேனும் ஒன்றை டிக் செய்க.
ஏறிப் போவதற்கு என்று கட்டம் இல்லை.

தாராபுரத்துக்கு மேற்கே நாணல்துறைத் தடுப்பணை.
இடக்கரையில் தொண்ணூறு மீட்டருக்குக்
கல்லடுக்கி வளைத்த மீன்வழி
கட்டி முடித்துப் பதினாலு மாதமாகக் காய்கிறது.
வெயிலுக்கு அதில் வெள்ளாடுகள் படுக்கின்றன.
சினைக்கெண்டை படிப்படியாய் ஏற
விநாடிக்கு மூன்று கன அடி போதும் என்கிறார்
மீன்வளத்துறை ஜெபராணி.
மூன்று கன அடி
என் மேசையில் மூன்று கோப்பு.

ஆயக்கட்டுக் கூட்டத்தில் தெய்வசிகாமணி எழுந்தார்.
"ஏனுங் மேடம், கடைமடைக்கு முறைத்தண்ணி
நடுச்சாமத்துல வருது, விடியறதுக்குள்ள நிக்குது.
மீனுக்கு எந்த சர்வே நம்பருங்?"
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
கரும்புச் சோகை கீறிய கோடுகள்
முழங்கைவரை இருந்தன அவருக்கு.

இந்தத் தண்ணீர் செலவாவதில்லை என்றேன்.
மேலே வாங்கித் தொண்ணூறு மீட்டர் தள்ளி
ஆற்றுக்கே கொடுத்துவிடுகிறோம்,
வட்டியில்லாக் கைமாத்து மாதிரி.

"அணைக்கு மேல நின்னா எங்க வாய்க்காத் தண்ணி.
கீழ எறங்கீட்டா கரூர்க்காரன் தண்ணி.
ஆருகிட்ட வாங்கி ஆருக்குங் திருப்பிக் குடுக்கறீங்க?"

கணக்கில் பிழையில்லை.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு.
அன்றைக்கு நான் ஆயக்கட்டுக்குத் தலை,
ஜெபராணிக்கு வால்.
இரண்டு பக்கத்துக்கும் ஒரே வரி எழுதினேன்:
பரிசீலனையில் உள்ளது.

போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"அமாவாசைக்கு நாங்க ஏரும் பூட்டறதில்ல, மடையும் தொறக்கறதில்ல.
அன்னிக்கு ராத்திரி வேணும்னா
உங்க மீனை வந்துட்டுப் போகச் சொல்லுங்."
குத்தலாகத்தான் சொன்னார்.
ஜெபராணியிடம் சொன்னபோது பேனாவைத் தேடினார்.
இருட்டுக்கு நகர்வது விலாங்கின் வழக்கமாம்.
கெண்டை பற்றி உறுதி சொல்ல முடியாதாம்.

அப்படித்தான் உத்தரவானது:
மாதம் ஓர் இரவு, ஏழு முதல் ஐந்து வரை,
மூன்று கன அடிக்கு மிகாமல்.
நோக்கம் பாசனம் என்று டிக் செய்தோம்.
பயிரின் பெயர் கேட்ட இடத்தில்
ஒரு கோடு போட்டேன்.

ஐப்பசி அமாவாசை. லஸ்கர் நஞ்சப்பன் பலகையைத் தூக்கினார்.
முதலில் ஆட்டுப்புழுக்கை மிதந்து போனது.
பிறகு ஒரு பிளாஸ்டிக் செருப்பு.
டார்ச்சில் சிவப்புத் துணி சுற்றி
மூன்று மணிவரை வெறும் நீரை எண்ணினோம்.
கொசு மட்டும் கணக்கில் அடங்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு இரண்டாம் படியில்
கயிறு போல ஒன்று
கல்லின் ஈரத்தை ஒட்டி யோசித்தது.
அதன் பின்னால் இன்னொன்று.
பிறகு, எதிர்பாராத விதமாக, கெண்டைகள்.
வயிறு கனத்தவை. ஏறுவதும் சறுக்குவதுமாய்,
சந்தைக்கு நேரமாகிவிட்ட பெண்களைப் போல
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க
மொபெட் சத்தம்.
கையில் கடிகாரத்துடன் தெய்வசிகாமணி:
பலகை நேரத்துக்கு விழுகிறதா என்று பார்க்க.
நாலாம் படியில் ஏழெட்டு நின்றன,
செவுள் விரிய.
நஞ்சப்பன் பலகையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.
நான் மணியைப் பார்த்தேன்.

அவர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.
"அஞ்சு நிமிசம் கெடக்கட்டுங்" என்றார்,
யாரையும் பார்க்காமல்.

பதிவேட்டில்
ஐந்து மணி என்றே எழுதினேன்.