இருக்க ஒரு பாய்

பாய் கட்டின வள்ளம்தான்,
இருக்கத்தான் பாய் இல்லை.
சோளகத்தில் காய்ந்த பலகை
எமிலியனுக்குத் தந்தது
பின்பக்கம் இரண்டு வேனல் கட்டி.
பூசைக்கும் நின்றபடி.

நாச்சிக்குடாவிலிருந்து முதல் பஸ்.
கிளிநொச்சியில் ஜௌபர் நானாவின் கடை.
"சோபாவுக்கா, ஓட்டோவுக்கா?"
"வள்ளத்துக்கு."
அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
என்னை ஒருமுறை பார்த்தார்.

கறுப்பு ரெக்சீன் எடுத்தார். ஊத்தை தெரியாதாம்.
வெயிலுக்குத் தெரியுமே.

வாசலில் நின்ற மோட்டார்சைக்கிள் மேல்
நாலு துண்டைப் பரப்பி
ஒரு பிளேன்டீ குடிக்கும்வரை காயவிட்டு,
குழந்தை குளிக்கும் தண்ணியைப் பார்ப்பதுபோல்
முழங்கை மடிப்பால் தொட்டேன்.
ரெக்சீன் சுட்டது.
வெல்வெட் என்னைவிட வியர்த்தது.
மஞ்சள் ஸ்பொஞ்சில் தண்ணி ஊற்றினேன்:
குடித்தது, திருப்பித் தரும் எண்ணமே இல்லை.
கடைசியில்
லைஃப் ஜாக்கெட்டுக்குள் வைக்கிற தடித்த பஞ்சு,
மேலே, புத்தகப்பை முதுகில் தைக்கிற வலைத்துணி, வெள்ளை.
துணியில் ஊதினேன், மூச்சு அந்தப்பக்கம் போனது.
அவர் இறங்கினார், நான் ஏறினேன்,
பஸ்ஸும் வந்துவிட்டது.

மறுநாள் வள்ளம் கரை தட்டுகிறது.
மெத்தை ஐஸ்பெட்டி மேல்,
கயிறு போட்டு இறுக்கிக் கட்டியபடி.
அவன் ஈரச்சாக்கில், ஒருபக்கம் சாய்ந்து.
"இறால் சூடு தாங்காது."

பெட்டியைத் திறந்தேன்.
விடியப்புறம் போட்ட ஐஸ்
கூர்கூட மழுங்கவில்லை.
என்னத்தைப் பேச?

புதன்கிழமை திரும்பவும் முதல் பஸ்.
நானா கேட்கமுதல் சொல்லிவிடவேணும்:
போனது இறாலுக்கு,
இது ஆளுக்கு.