விளிம்பு இல்லாத படிவம்

மின்தூக்கி பழுது என்று
மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறது.
அதுவும் முன்னேற்றந்தான்.
முன்பு பழுது சிங்களத்தில் மட்டும் இருந்தது.

பதினோராம் மாடிக்கு ஏறுகிறேன்.
ஏழாவதில் நின்று மூச்சு வாங்கையில்
காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்த ஒருவர்
"கொஞ்சம் தள்ளுங்கோ மிஸ்" என்று
என்னைக் கடந்து மேலே போகிறார்.

கழுத்தில் அடையாள அட்டை,
அதன் மூலையில் பதினேழு நிறத்தில் ஒரு வட்டம்.
பயிற்சி நாளில், குளிரூட்டிய மண்டபத்தில்
ஒவ்வொன்றாய்ச் சொல்லித்தந்தார்கள்:
வறுமை சிவப்பு, பசி மஞ்சள், தண்ணீர் இளநீலம்.
மதியச் சாப்பாட்டில் பாரை மீன் வந்தபோது
"பதினான்காம் இலக்கு" என்று யாரோ பகிடி விட,
155 பஸ்ஸில் வீடு போகும் வரை
அதையே நினைத்துச் சிரித்தேன்.

ஜெஸீமா, காற்றுக்காக, கதவைத் திறந்தே வைத்திருந்தார்.
வனாத்தமுல்லைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த
பச்சைப் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

வீட்டுக்குள் கழிவறை உண்டா?
"ஈக்கி. அங்க முப்பத்தொரு வீட்டுக்கு நாலு.
மழை வந்தா கானும் அதுவும் ஒண்ணு."
அந்தச் சரியை நான் மனதார இட்டேன்.
அது பொய் முன்னேற்றம் என்போர்
ஒரே ஒரு இரவு, வயிற்றோட்டத்தோடு,
அந்த வரிசையில் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

மின்சாரம்? சரி.
குழாய்?
"குழாய் ஈக்கி.
தண்ணிதான் ராவு ரெண்டு மணிக்கு வரும்,
அதுவும் சில நாள்."
குழாய்: சரி.

போன கணக்கெடுப்பில் தாள் தந்தார்கள்.
தாளுக்கு இடப்பக்கம் ஒரு விளிம்பு இருந்தது.
பேனையால் பொடியெழுத்தில் எழுதி வைப்பேன்:
*வருவதில்லை.*
*மாமனார் இருமியபடியே பதில் சொன்னார்.*
*பூனைக்கும் பங்கு வைக்கிறார்கள்.*
யாராவது வாசித்தார்களோ தெரியாது.
இந்த டெப்புக்கு விளிம்பு இல்லை.

பிள்ளைகள்?
"ரெண்டு பேர் ஸ்கூல்.
மூத்தவன் துறைமுக நகரத்துல டைல் பதிக்கப் போறான்."
வயது பதினைந்து.
இடைவிலகிய காரணம்:
நோய், தூரம், விருப்பமின்மை, ஏனையவை.
ஏனையவையைத் தொட்டேன்.
ஏனையவைதான் இந்த நாட்டின் மிகப் பெரிய மாவட்டம்.

நாற்பத்தோராம் கேள்வி.
கடந்த ஏழு நாளில்
இந்த வீட்டில் யாராவது பசியோடு படுத்ததுண்டா?

அந்த நேரம் பார்த்து
பக்கத்து வீட்டு மல்காந்தி அக்கா வாசலில் வந்து நின்றார்,
கையில் சீனிக்கு ஒரு வெறுங் கோப்பை.
ஜெஸீமா என்னைப் பார்த்தார்,
கோப்பையைப் பார்த்தார்.
"இல்ல" என்றார்.

மல்காந்தி அக்காவுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும்.
திரும்பிப் போனார்.

எங்கள் மொழியில் அந்தச் சொல்
மறுக்கவும் ஆகும்,
பானையைக் கவிழ்த்துக் காட்டவும் ஆகும்.
டெப்புக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
தொட்டேன். பச்சையாய் மின்னியது.
எங்கோ ஒரு மண்டபத்தில், ஒரு சுவரில்,
ஒரு கோடு மயிரளவு நிமிர்ந்திருக்கும்.

நடைபாதை யன்னலில் களனி கங்கை,
அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்,
பகல் வெயிலில் நிறம் மாற மறந்த தாமரைக் கோபுரம்.
யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை
பதினோராம் மாடிக் காற்றில்
அடித்துக்கொண்டிருந்தது.

பட்டியலில் அடுத்த கதவு மல்காந்தி அக்காவினுடையது.
கழிவறை சரி. மின்சாரம் சரி. குழாய் சரி.
நாற்பத்தொன்றை நான் சிங்களத்தில் கேட்டு முடிக்கவும்
முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம்.
ஜெஸீமா.
கையில் கடதாசிச் சுருளில் கொஞ்சம் சீனி.

மல்காந்தி அக்கா சுருளைப் பார்த்தார்.
"நே" என்றார்.

விரல் திரைக்கு மேலே நிற்கிறது.
திரை தானாக மங்குகிறது.
பற்றரி பதின்மூன்று வீதம்.
இன்னும் ஆறு வீடு.