ஒரு துளை தள்ளி

ரீகா நகரில் காலை ஏழு மணிக்கு
இன்னும் இரவுதான்.
எட்டு பத்துக்கு சனிதாவின் டிராம்
பணிமனையை விட்டுக் கிளம்ப வேண்டும்.
வில்னிஸின் கோட்டில் ஐந்து பொத்தான்.

நம் மொழியில் அதற்குத்
தொழில்வழி சிகிச்சை என்று பெயர்.
ஐந்து வயதுக்கு என்ன தொழில்?
இருக்கிறது.
கரண்டியைக் கவிழ்க்காமல் வாய்வரை கொண்டுவருவது.
மிக்ஸி சத்தத்தைத் தாங்குவது.
கால் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று
குனிந்து பாராமல் அறிவது.
சம்பளம் கிடையாது.
ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

வில்னிஸ் என்றால் அவர்கள் மொழியில் அலை.
முதல் மூன்று வாரம்
வெல்காவின் அறையில், மேசைக்கடியிலேயே
கிடந்தது அலை.
அவள் கூப்பிடவில்லை.
தானும் கீழே படுத்து
ஷேவிங் நுரையைத் தரையில் கொட்டி
ஒரு விரலால் ஒரு கோடு இழுத்தாள்.
நான்காம் வாரம் முழங்கையால் தொட்டான்.
ஃபைலில் எழுதினாள்: முழங்கை.
பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.
பிறகு அதை அடித்துவிட்டாள்.

செவ்வாயும் வியாழனும் ரெய்னிஸ்.
கப்பல் பொறியியல் படிக்கிறவன்,
மணிக்குப் பன்னிரண்டு யூரோ.
முதல் நாள் எண் அட்டைகளோடு வந்தான்,
எண்ணிப் பழக ரப்பர் வாத்துகள்.
வில்னிஸ் ஒரு வாத்தை மென்றான்.
படியிறங்கும்போது ரெய்னிஸ்
இனி வரமாட்டேன் என்பதற்கு
மரியாதையான வாக்கியம் ஒன்று தேடிக்கொண்டிருந்தான்.
கதவிடுக்கிலிருந்து ஒரு குரல்
அம்மாவின் தடத்தை ஒப்பித்தது,
பதினெட்டு நிறுத்தமும்,
ஒன்று விடாமல், வரிசை பிசகாமல்.

அட்டைகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
அடுத்த வாரம் அங்கே நிறுத்தங்களின் பெயர்.
மூன்றாம் நிறுத்தத்தில் நாலு பேர் ஏறி
ஐந்தாவதில் ஒருவர் இறங்கினால்?
"அந்த ஒருவர் யார்?" என்றான் வில்னிஸ்.
பனியில் சிக்கிய வண்டிபோல்
கணக்கு அன்று அங்கேயே நின்றது.
இறங்கியவருக்கு ஒரு நாய் வைத்த பிறகுதான்
நகர்ந்தது.

சனிதாவுக்கும் வீட்டுப்பாடம் உண்டு.
கையைப் பைக்குள் வைத்துக்கொள்,
அவனே போட்டுக்கொள்ளட்டும் என்றாள் வெல்கா.
பதினொரு ஆண்டு
நிறுத்தியும் கிளப்பியும் பழகிய கை.
ஒரு நிமிடம் தாமதித்தால்
முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் கடிகாரம் பார்ப்பார்கள்.
பொத்தான் துளைக்குப் பக்கம் போய், வழுக்கி,
போய், வழுக்கி.
பைக்குள் அவள் கட்டைவிரல்
அவனுக்கு முந்திப் போட்டுக்கொண்டிருந்தது.
பல நாள் தோற்றாள்.
மளமளவென்று ஐந்தையும் மாட்டி
அவனை அள்ளிக்கொண்டு ஓடினாள்.
வெல்காவிடம் சொல்லவில்லை.

அவர்கள் எழுத்தில் ஒரு கே உண்டு,
காலடியில் காற்புள்ளியோடு.
பென்சில் முனை இரண்டு முறை ஒடிய அதை எழுதினான்,
புள்ளியை மட்டும் வைக்காமல் விட்டான்.
ஏன் என்று கேட்டான் ரெய்னிஸ்.
"செருப்பு கழன்றுவிட்டது.
அதுவே போட்டுக்கொள்ளட்டும்."

பிப்ரவரி. மைனஸ் பதினான்கு.
அன்று போட்டு முடித்தான்,
ஒரு துளை தள்ளி.
கழுத்தடியில் ஒரு பொத்தான் கேட்பாரற்று,
கீழே ஒரு துளை சும்மா,
காலர் ஒரு காதுவரை ஏறிவிட்டது.
மணி ஏழு முப்பத்தெட்டு.
அவள் கை பையைவிட்டு வெளியே வந்தது,
கோட்டுவரை போனது,
மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றியது.
அவ்வளவுதான்.

மழலையர் பள்ளி வாசலில்
டீச்சரின் விரல்கள் அவன் கோட்டை நோக்கி வந்தன.
"வேண்டாம்" என்றாள் சனிதா,
கதவு மூடுகிறது என்று அறிவிக்கிற அதே குரலில்.

எட்டு பன்னிரண்டுக்குக் கிளம்பியது டிராம்.
மூன்றாம் நிறுத்தத்தில்
நாலு பேர் ஏறினார்கள். எண்ணினாள்.
ஐந்தாவதில் ஒருவர் இறங்கினார்.
கண்ணாடியில் பார்த்தாள்.
நாய் இல்லை.