மூன்று மீட்டர்

பஹாவ் டவுனைத் தாண்டிய செம்பனை ஆலைக்குள்
செயற்கைக்கோள் எட்டிப் பார்ப்பதில்லை.
தகரக் கூரை. கொதிகலன். நீராவி.
திசைகாட்டியோ
இரும்பைக் கண்ட இடத்திலெல்லாம் மயங்கிச் சாயும்.

மிஞ்சுவது நடை ஒன்றுதான்.

குணவதியின் இடுப்பு வாரில் பெட்டியைக் கட்டினேன்.
குதிகால் தரையைத் தட்டும் ஒவ்வொரு முறையும்
வரைபடத்தில் ஒரு புள்ளி.
அடிக்கு அறுபத்தேழு சென்டிமீட்டர்:
யார் யாருடைய கால்களையோ அளந்து சொன்ன கணக்கு.
அவளுக்கு இடது அடி சற்றே குட்டை.
எண்ணெய் வழுக்கும் கம்பித்தட்டில்
பக்கவாட்டில் நண்டாய் நகர்வாள்.
என் சமன்பாட்டில் நண்டு இல்லை.

முதல் இரவு, பத்தாவது நிமிடத்தில்,
கொதிகலனுக்குள் நடந்துபோனாள், திரையில்.

பிறகு ஐந்நூறு குணவதிகளை விதைத்தேன்.
இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம்,
ஆளுக்கொரு சந்தேகம்.
சுவரில் மோதியவள் அழிவாள்,
தப்பியவர்களிலிருந்து மறுபடி ஐந்நூறு.
எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
“இன்னிக்கு எத்தன தடவ சாகடிச்ச என்னைய?”
“முந்நூத்துச் சொச்சம்.”
“சம்பளம் மட்டும் ஒருத்திக்கு.”
ரஃபிகுல், தமிழ் புரியாமலே, சேர்ந்து சிரித்தான்.

நடக்க நடக்கப் பிழை சேரும். நின்றால் கழியும்.
பாதம் ஊன்றிய கணத்தில் வேகம் சுழியம்;
நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

மூன்று பத்துக்கு, தினமும்,
அரைவைக் கூடத்தின் பின்தூண் அருகே
அவள் நின்றாள்.
நான்கு நிமிடம்.
ஐந்நூறு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடங்கி
ஒரே குணவதி ஆயின.

போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
தகரத்தில் ஒரு கிழிசல்,
அதன் வழியே தோட்டத்துக் காற்று,
தூரத்துச் சாலையில் ஒரு லாரியின் விளக்கு.
நானும் நின்றேன்.

தீப்பிடித்தால் ஆளைத் தேட என்றுதான் அழைத்தார்கள்.
நேற்று மேனேஜர் கேட்டது வேறு:
யார், எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்,
தனி அட்டவணையாக.

அந்தத் தூணை வரைபடத்திலிருந்து எடுத்தேன்.
நான்கு நிமிடத்தையும்
முன்னும் பின்னும் இருந்த நடையில் கரைத்தேன்.
புகைக்குள் மூன்று மீட்டர்
கை நீட்டினால் எட்டும் தூரம் அல்ல. தெரியும்.
இரண்டு இரவு அழித்து அழித்து எழுதினேன்.

அறிக்கை: சராசரிப் பிழை
ஒரு மீட்டரிலிருந்து மூன்றாய் உயர்ந்துள்ளது.
காரணம்: இரும்பு.