எட்டு

சென்டர் ஃபீல்டருக்கு நோட்டில் பெயர் கிடையாது.
எண்தான், எட்டு.
உயரப் போன பந்தை அவன் பிடித்தால்
கட்டத்துக்குள் ஓர் எட்டு போடுவேன்.
பேஸ்பால் ஸ்கோரருக்கு அவ்வளவுதான் வேலை.

அமலோருக்கு நான் போட்ட எட்டுகள்
பதினோரு வருஷம், ஆறு நோட்டு.
உப்பளம் மைதானத்தில் மூன்று மணிக்குமேல்
கடல்காற்று எழும்பும்.
மட்டையில் பட்ட சத்தத்துக்கே திரும்பி
பந்தைப் பார்க்காமல் ஓடுவான்.
பந்து வந்து சேரும்போது
டவுன் பஸ்ஸுக்கு முன்னமே வந்து நிற்பவன் மாதிரி
சலிப்போடு நின்றுகொண்டிருப்பான்.

ரசாயனக் கம்பெனி டீம்.
மேட்சுக்கு முந்நூறு ரூபாய், ஒரு பொட்டலம் குஸ்கா.
கையுறையின் வார் அறுந்த இடத்தில்
வலை நரம்பு கோத்திருந்தான்.
பல நாள் அவன் பக்கம் ஒரு பந்தும் வராது.
அப்போதும் ஒவ்வொரு வீச்சுக்கும்
முன்னால் இரண்டு எட்டு, பின்னால் இரண்டு எட்டு.
அதற்கெல்லாம் என் நோட்டில் கட்டம் இல்லை.

போலீஸ் கோட்டாவுக்கு ஆள் எடுத்த வருஷம்.
வயசு வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி.
ஏழாவது இன்னிங்ஸ்.
பந்து வெயிலுக்குள் போனது.
காற்று இழுத்ததோ, கண் கூசியதோ,
கையுறை விளிம்பில் பட்டுப் புல்லில் விழுந்தது.

எட்டிய பந்தா, எட்டாத பந்தா?
சொல்ல வேண்டியவள் நான்.
எனக்கு இருபத்து நாலு வயசு,
விதிப்புத்தகம் மனப்பாடம்.
பென்சிலை நாக்கில் தொட்டு
'ஈ எட்டு' என்று எழுதினேன்.
ஈ என்றால் பிழை.
கமிட்டிக்காரர் நோட்டை வாங்கி
அந்தப் பக்கத்தைப் பார்த்தார்,
மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறமும் நாலு சீசன் ஆடினான்.
பிறகு முட்டி போனது. ஒரு ஞாயிறு
அவன் இடத்தில் வேறு பையன் நின்றான்.
நான் அவனுக்கும் எட்டு போட்டேன்.

மரப்பாலத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான்.
நாற்பத்தொரு வயசில் ஸ்கூட்டர் பழகப் போனேன்.
தெரிந்ததாகவும் காட்டவில்லை,
தெரியாததாகவும் காட்டவில்லை.
தரையில் சுண்ணாம்புக் கோட்டில் பெரிய எட்டு.
"கால் ஊனக் கூடாது மேடம். ஊனினா ஃபெயிலு."

இரண்டாவது வளைவில் ஊன்றிவிட்டேன்.

அவன் கிழக்கே, கடற்பக்கம் பார்த்தான்.
மரத்தில் ஓர் இலை அசையவில்லை.
"காத்து," என்றான்.

சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து
ஏதோ குறித்தான்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.