தண்ணீர் எப்படி

டைகர் பார்ப் வேண்டாம் என்றார் ரவூப்.
வாலைக் கடிக்கும்.
ஏஞ்சல் அழகுதான்,
உங்க கப்பி போடுற குட்டியெல்லாம்
அதுக்குப் பொரி.
ஃபைட்டரா?
இவ்வளவு பெரிய வாலைப் பார்த்தா
எதிராளி வந்துட்டான்னு நினைச்சுக்கும்.

கூத்தாநல்லூர்க் கடையில் மின்சாரமில்லை.
செல்போன் வெளிச்சத்தில்
தொட்டி தொட்டியாகக் காட்டினார்.
உங்க வீட்டுத் தண்ணி எப்படி?
போர் தண்ணி. வாளியில் வெள்ளை படியும்.
அப்ப நியான் தாங்காது,
மோலி எடுங்க.

மன்னார்குடியில் வீடு தேடியபோது
ஏழு வாசலில் கேட்டார்கள்,
நீங்க என்ன ஆளுக என்று.
தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்
இவர் ஒருவர்தான்.

பாமணியில் புதுத்தண்ணீர் வந்த வாரம்
தென்னரசு தூக்குவாளியோடு வந்தான்.
உள்ளே பதினோரு விறால் குஞ்சுகள்,
ஊதிவிட்ட கங்குபோல.
கடை மீனுக்குக் காசு கொடுக்கிறியே,
இது நம்ம ஆத்து மீனு, போடு.

போட்டேன்.

சிவப்பு மங்கி, உடம்பில் கோடு விழுந்து,
வாய் அகன்றது.
முதலில் குட்டிகளைக் காணோம்.
பிறகு நீலவால்.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பதினொன்றும் ஒன்றாகவே திரிந்தன,
ஒன்றையொன்று உரசக்கூட இல்லை.
அவ்வளவு ஒற்றுமை.

ராத்திரி வடித்து
வாய்க்காலில் விட்டு வந்தேன்.

மோட்டாருக்குப் பின்னால்
ஒரே ஒரு பெண் கப்பி,
வயிறு கறுத்து, சதுரமாக.
இன்றோ நாளையோ.

ரவூபுக்கு ஃபோன் போட்டேன்.
தண்ணி மாத்தினீங்களா
என்றார் எடுத்ததும்.