கோர்ட் கலையும் வரை

பதினொன்று நாற்பதுக்குத் தீர்ப்பு.
வாசித்தது மலையாளத்தில்.
'விசுவாச வஞ்சனை' என்ற இடத்தில் மட்டும்
கிட்டுச்சாமி தலையைத் தூக்கினான்.
இரண்டு சொல்லும் நம் வீட்டில் புழங்குகிறவைதான்,
சேர்த்து வைத்து யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

நான் முதல் சாட்சி.
பாறைக்களம் குடிநீர்க் கமிட்டியில் வால்வு திறக்கிறவன்.
நூற்றுப் பன்னிரண்டு வீடு, மாதம் நூற்றைம்பது,
வாங்கி எழுதிக் கரண்ட் பில் கட்டுவது அவன் வேலை.
அந்த ஏப்ரலில் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.
பதினோரு நாள்.
பேறுகாலத்துக்கு வந்திருந்த மகளைத்
துளசாத்தாள் திருப்பி அனுப்பினாள்,
ஒரு குடம் தண்ணீர் இல்லாத வீட்டில் பிள்ளை பெறுவதெப்படி என்று.
அதையும் கூண்டில் நின்று சொன்னேன்.
யாரும் கேட்காமலே சொன்னேன்.
கேஸ் மூன்று வருஷம் ஓடியது.
அந்தப் பிள்ளை இப்போது பைப்படிச் சேற்றை மிதித்து விளையாடுகிறது.

பணம் போன இடம் எல்லோருக்கும் தெரியும்.
வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் லாட்டரிக் கடை.
கோயமுத்தூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து வாங்குகிறார்கள்,
இவன் நடந்தே போயிருக்கிறான்.
போலீஸ் எடுத்த பிஸ்கட் டப்பாவில்
விழாத சீட்டெல்லாம் இருந்தன, மாதவாரியாக, ரப்பர் பேண்ட் போட்டு.
ஒவ்வொரு கட்டின் மேலும் பென்சிலில்
'கமிட்டிக்குத் தரவேண்டியது' என்று ஒரு தொகை.
எடுத்ததற்கும் கணக்கு வைத்திருந்தவனைத்
திருடன் என்று சொல்ல நாக்கு திக்கியது.
சொல்லிவிட்டேன்.

முதல் குற்றம்.
வயது நாற்பத்தாறு.
அதற்கு முன் நாலு வருஷம் ஒரு ரூபாய் பிசகவில்லை.
வக்கீல் கேட்டுப் பார்த்தார்.
மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரமும் திருப்பிக் கட்டணும்,
மாதம் ஆறாயிரம்.
சிறை, இன்றைக்குக் கோர்ட் கலையும் வரை.
சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அவ்வளவுதானுங்களா?"
மரியபுஷ்பம் வாய்விட்டே கேட்டாள்.
டவாலி முறைத்தான்.

பெஞ்சில் அவன். பின்வரிசையில் நாங்கள் ஒன்பது பேர்.
செக் கேஸ், ஜீவனாம்சம், மணல் லாரி.
கூப்பிடக் கூப்பிட எழுந்து வந்தவர்கள்
அவனைப் பார்த்தபடியே போனார்கள்.
கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான்,
நெரிசல் பஸ்ஸில் பக்கத்து ஆள்மேல் படாமல் உட்காருகிற மாதிரி.
பக்கத்தில்தான் யாருமே இல்லை.
கடிகாரம் அவன் தலைக்கு நேர் மேலே.
எங்கள் கண் போகும் இடத்தை வைத்து
அவன் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு நான் எழுந்தேன்.
நாலரைக்குக் கிழக்கு லைன் திறக்கணும்.
வாசலில் திரும்பியபோது
மடியிலிருந்த கையைக் கொஞ்சம் திருகிக் காட்டினான்.
இரண்டாவது வால்வு, அரைச் சுற்று போதும்,
அதற்கு மேல் திருகினால் ஒழுகும்.
ஊரில் அது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

கோர்ட் எப்போது கலைந்தது என்று நான் பார்க்கவில்லை.

கமிட்டி நோட்டு மூன்று வருஷமாக என்னிடம்.
பழையது கோர்ட்டில் கிடக்கிறது, இது புதிது.
ஆனால் பிடிபடுவதற்கு முன்பே
இருநூறு பக்கத்துக்கும் அவன் கட்டம் போட்டு வைத்திருந்தான்,
ஸ்கேல் நழுவாமல்.

ஒன்றாம் தேதி விடிந்ததும் ஆறாயிரத்தோடு வந்தான்.
பைப்படியில் குடம் வைத்திருந்தவர்கள் வழி விட்டார்கள்.
மரியாதையா விலகலா, எனக்குத் தெரியவில்லை.
நான் எண்ணும்போது மோட்டார் ரூம் சுவரைப் பார்த்து நின்றான்.
சரியாக இருந்தது.
மறுபடி எண்ணினேன்.
"ரசீது" என்றான்.

அவன் போட்ட கட்டத்துக்குள்
வரவு என்று எழுதினேன்.
என் எழுத்து பெரிசு,
அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது.